ராபின்ஸா, ஹர்ஷ் மோகனா? இரண்டாம் ஆண்டு பேத்தாலஜிக்கு என்ன படிக்கலாம்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதெல்லாம், பேத்தாலஜி என்கிற நோய்க்கூறியலுக்கு எந்தப் பாடப்புத்தகம் என்று விடுதியில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "அண்ணே, ராபின்ஸா ஹர்ஷ் மோகனா?" நாலு அண்ணன்மாரைக் கேட்டால் நாலு பதில் வரும். பெரிய ராபின்ஸை ரெண்டு தடவை முடி என்பார் ஒருவர். அதெல்லாம் எதுக்குல, நாயக் எழுதிய கையேடு போதும் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் தேறி வந்தவர்கள்தான் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

சொல்கிறவர் எந்த பேட்ச் என்பதை முதலில் கேளுங்கள். 2019-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, ஒன்றரை ஆண்டாக இருந்த இரண்டாம் கட்டம் ஓராண்டாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன் படித்தவர்கள் பெரிய ராபின்ஸை முடித்தது பொய்யில்லை. அவர்களுக்கு அதற்கான நாள் இருந்தது. இப்போது அதே ஓராண்டுக்குள் பார்மகாலஜியும் மைக்ரோபயாலஜியும் நிற்கின்றன, காலையில் வார்டு போஸ்டிங் வேறு. 1300 பக்கங்களுக்கு மேல் உள்ள புத்தகத்தை 11 மாதத்தில் முடிக்க நாளுக்கு நாலு பக்கம்தானே என்று கணக்குப் போடலாம். ஆனால் அது பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக அடித்த பக்கம், படித்ததைத் திரும்பப் பார்க்கும் நாள் அந்தக் கணக்கில் இல்லை.

கடைக்குப் போகும் முன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ராபின்ஸ் என்று ஒரே பெயரில் நாம் சொன்னாலும் புத்தகங்கள் வேறு வேறு. பெரியது 'ராபின்ஸ் அண்ட் காட்ரான்'. நடுத்தரமானது 'பேசிக் பேத்தாலஜி'. அளவில் பெரியதைவிட நன்றாகக் குறைவு. இரண்டுக்கும் தலைமை ஆசிரியர் வினய் குமார். இந்தியாவில் பிறந்து, டெல்லி எய்ம்ஸிலும் படித்து, பிறகு அமெரிக்கா போனவர். எழுத்தின் போக்கு இரண்டிலும் ஒன்றுதான். நடுத்தர ராபின்ஸில் குறைவது பெரும்பாலும் அரிய நோய்களும் மூலக்கூறு விவரங்களின் நுணுக்கமும். எம்பிபிஎஸ் மாணவருக்கு அது பெரிய இழப்பில்லை. ஆகவே உண்மையான போட்டி நடுத்தர ராபின்ஸுக்கும் ஹர்ஷ் மோகனுக்கும்தான்.

இரண்டையும் எடைபோட ஒரே தலைப்பை இரண்டிலும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அக்யூட் இன்ஃப்ளமேஷனை, அதாவது திடீர் அழற்சியை எடுத்துக்கொள்வோம். ஹர்ஷ் மோகனில் வரையறை, ஐந்து அடையாளங்கள், ரத்தக்குழாய் மாற்றங்கள், செல் மாற்றங்கள் என்று வரிசையாகத் தலைப்புகள் வரும். அப்படியே விடைத்தாளில் இறக்கினால் திருத்துகிறவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ராபின்ஸில் அதே விஷயம் கதையாக ஓடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஏன் ரத்தக்குழாய்ச் சுவரில் உருள்கிறது, செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தின் பிடியில் தளர்வாக உருண்டது இன்டெக்ரின் என்ற இன்னொன்று வந்ததும் எப்படி இறுக ஒட்டி நிற்கிறது, பிறகு எப்படி நுழைந்து வெளியே போகிறது என்று காரணம் காரணமாகப் போகும். அதைப் படித்தவருக்கு, இன்டெக்ரின் குறையோடு பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாவதும், தொற்று இருந்தும் சீழ் வைக்காததும் மனப்பாடம் செய்யவேண்டிய தகவலாக இருக்காது. தானாகவே வந்து விழும்.

அதனால் ஜெனரல் பேத்தாலஜிக்கு, அதாவது செல் சேதம், இன்ஃப்ளமேஷன், ரத்தஓட்டக் கோளாறு, நியோப்ளாசியா என்கிற கட்டி வளர்ச்சி ஆகியவற்றுக்கு, என் ஓட்டு தயங்காமல் ராபின்ஸுக்கு. முதல் மூன்று மாதம் இதில் செலவழியட்டும். உறுப்பு உறுப்பாகப் போகும் சிஸ்டமிக் பேத்தாலஜியில் பாதியை அப்புறம் ஊகித்தே எழுதலாம்.

ஹர்ஷ் மோகன் ஜெயிக்கிற இடம் வேறு, அது நம் ஊருக்கு முக்கியமான இடம். ரைனோஸ்போரிடியோசிஸ் ஒன்று போதும். குளத்துத் தண்ணீரில் குளிக்கிற பழக்கம் உள்ள தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதிகம் காணப்படும் நோய் இது. மூக்குக்குள் சிவந்து தொங்கும் சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள், தொட்டால் ரத்தம். ஸ்லைடில் பெரிய வட்டப் பைகளும் உள்ளே நெருக்கமாக ஸ்போர்களும் தெரியும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. அமெரிக்க மாணவரை மனதில் வைத்து எழுதிய புத்தகத்தில் இதற்குப் பெரிய இடம் எதிர்பார்க்க முடியாது. ஹர்ஷ் மோகனில் மூக்கு பற்றிய பகுதியிலேயே இருக்கிறது. தொழுநோய், காசநோய், யானைக்கால், சிஸ்டிசர்கோசிஸ் என்று நம் வார்டில் வருகிற தொற்றுகளையும் நிதானமாக எழுதியிருப்பார். வேறுபாட்டு அட்டவணைகள் இன்னொரு பலம். திசு அழுகிச் சாகும் கேங்கரினில் உலர் வகைக்கும் ஈர வகைக்கும் வேறுபாடு கேட்டால் அட்டவணையாகவே எழுதிவிடலாம். அதன் கோட்டுப்படங்களை நம் கையாலும் வரையமுடியும்; ராபின்ஸின் வண்ணப்படத்தைத் தேர்வு அறையில் யார் வரைவது?

குறையும் உண்டு. காரணமும் விளைவும் பட்டியலுக்குள் அமுங்கிப்போகும். பத்து பாயிண்டில் எது தலை, எது வால் என்று புதிதாகப் படிப்பவருக்குப் பிடிபடாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "ஏன்?" என்று இரண்டாவது கேள்வி வரும்போது இது வெளிப்பட்டுவிடும்.

புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களும் வரும். உடலில் கசிந்து தேங்கும் நீரை டிரான்சுடேட், எக்சுடேட் என்று இரு வகையாகப் பிரிக்கும் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (ஒப்படர்த்தி) எண்ணே புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே எழுதுங்கள். மெடிசின் வார்டிலோ நெஞ்சுநீருக்கு லைட் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோலைக் கேட்பார்கள். நீருக்கும் ரத்தத்துக்கும் உள்ள புரத விகிதம் 0.5-க்கு மேல், எல்டிஎச் என்ற நொதியின் விகிதம் 0.6-க்கு மேல், அல்லது நீரில் உள்ள எல்டிஎச் ரத்தத்தின் இயல்பு உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்று மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்சுடேட்.

வீடியோக்களுக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழக ஆசிரியர் ஹுசைன் சத்தாரின் பாத்தோமா வீடியோக்களை எல்லோரும் புகழ்வதில் நியாயம் இருக்கிறது. முதல் சில அத்தியாயங்கள் அவ்வளவு தெளிவு. ஆனால் அது அமெரிக்க உரிமத் தேர்வுக்காகச் செய்தது. கொள்குறி வினாவுக்குப் போதும், கட்டுரைக்குப் போதாது. நம் எம்ஜிஆர் பல்கலைக்கழகத் தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், பெரும்பகுதி எழுதியே ஆகவேண்டியது. நீட் பிஜி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுச் செயலிகளுக்கும் இதே கதைதான். என் கணிப்பில் ரத்த நோய்கள் பற்றிய ஹெமட்டாலஜிக்கு மட்டும் வீடியோவை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அனீமியா வகைப்பாட்டை யாராவது பலகையில் வரைந்து காட்டினால்தான் ஏறும். மற்றவற்றுக்குப் படித்த பிறகு பார்ப்பதே நல்லது. படிக்காமல் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும், பேனா எடுத்ததும் தெளிந்துவிடும்.

பிராக்டிகலுக்குப் படிக்கும் முறையில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. போனில் கிராஸ் படங்களை, அதாவது நோயுற்ற உறுப்பை வெறுங்கண்ணுக்குத் தெரிகிறபடி எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒரு முறை, மியூசியத்தில் உறுப்பு வைத்த ஜாடி முன்னால் நிற்பது இன்னொரு முறை. படத்தில் இருப்பது பெரும்பாலும் புதிதாக எடுத்த உறுப்பு, நிறமெல்லாம் அப்படியே இருக்கும். ஜாடியில் இருப்பது ஃபார்மலினில் கிடந்து வெளிறிப்போனது, ஈரலும் சிறுநீரகமும் ஒரே மங்கல் பழுப்பில் தெரியும். படத்தில் மட்டுமே பழகிய கண் பார்த்து அடையாளம் சொல்லவேண்டிய ஸ்பாட்டர் மேஜையில் திணறும். வடிவம், வெட்டுப்பரப்பு, மேலுறை என்று நிறத்தை நம்பாமல் பார்க்கப் பழகுங்கள். நட்மெக் லிவர் என்றால் என்ன என்று விளங்க, குற்றாலத்தில் ஒரு ஜாதிக்காய் வாங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், அந்தக் கோலம்தான் நாள்பட்ட ரத்தத்தேக்கத்தில் ஈரலில் தெரிவது. ரெக்கார்டு நோட்டை, ஸ்லைடின் சாய நிறத்தில் வரைய வைத்திருக்கும் எச் அண்ட் ஈ பென்சிலால் அடுத்தவன் நோட்டைப் பார்த்து நிரப்புவது வெறும் கைவேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கரு எங்கே என்று தேடி வரைந்த படம்தான் தேர்வில் கைகொடுக்கும்.

அத்தியாய வரிசையில் படிப்பதா, வார்டில் பார்த்த கேஸைப் பிடித்துப் போவதா என்றும் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் வரிசைதான். அதன்பின் வார்டு பக்கம் சாய்ந்துவிடுங்கள். காலையில் வயிறு வீங்கிய குடிநோயாளியைப் பார்த்தால் அன்று இரவே சிரோசிஸ் என்ற ஈரல் சுருக்கம். முக்கூடல் பக்கத்திலிருந்து புகையிலை மென்று வாய்ப்புண் ஆறாமல் வந்தவரைப் பார்த்தால் வெண்படலம், செல்கள் உருமாறும் டிஸ்பிளேசியா, ஸ்குவாமஸ் கார்சினோமா என்ற புற்று என்று ஒரே மூச்சில் போகலாம். பாம்புக்கடி கேஸ் ஒன்று போதும். ரத்தம் உறையாமை, குழாய்களுக்குள் பரவலாக ரத்தம் உறையும் டிஐசி, சிறுநீரக நுண்குழாய்ச் செல்களின் சாவு மூன்றும் ஒரே படுக்கையில் கிடைக்கும்.

ராமதாஸ் நாயக்கின் தேர்வுக் கையேட்டை ஏளனம் செய்ய மாட்டேன். கடைசி மாதத்தில் பழைய வினாத்தாள்களோடு வைத்துப் பார்க்க அதைவிட வசதியானது இல்லை. அதையே முதல் புத்தகமாக வைத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் மெடிசின் புரியாமல் திரும்ப வந்து நிற்பீர்கள், அவ்வளவுதான்.

காசு விஷயம். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஜெனரல் பேத்தாலஜிக்குச் சீனியர் தருகிற ஒரு பதிப்பு பழைய ராபின்ஸ் தாராளமாகப் போதும். மாறிக்கொண்டே இருப்பது கட்டிகளின் வகைப்பாடு. 2016-ல் தைராய்டில் ஒரு கட்டியின் பெயரிலிருந்து கார்சினோமா என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், 2021-ல் உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தியது. தைராய்டு, மூளை, லுக்கீமியா, லிம்போமா ஆகியவற்றை மட்டும் நூலகத்தில் புதுப் பதிப்பை எடுத்துப் படித்து, மாறியதைப் பழைய புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். பெரிய ராபின்ஸையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்; நியோப்ளாசியா, கிட்னி இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் அது தேவைப்படும்.