எச்சரிக்கை: ரத்தம் அம்மாவுடையது, லேபிள் இன்னொருவருடையது

சென்ற மாதம் என் அம்மாவை வழக்கமான ரத்தப் பரிசோதனைக்காக சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) அழைத்துச் சென்றேன். அங்கே நடந்ததை விவரமாக எழுதுகிறேன். ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இத்தகைய இடங்களில்தான் கையை நீட்டுகிறார்கள், யாராவது பெயரைச் சொன்னால் தலையாட்டியும் விடுகிறார்கள். மருந்தகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சுகாதார அமைச்சுக்கு நான் அனுப்பிய புகாரில் அது இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, காது சற்று மந்தம், பெயர் லெட்சுமி. வரவேற்பு மேசையில் இருந்த ஊழியர் அம்மாவின் அடையாள அட்டை எண்ணை முழுவதுமாக உரக்கப் படித்து, "சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், சரிதானே?" என்று கூடத்தில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி வினவினார். காத்திருந்தவர்களில் இருவர் எங்கள் புளோக்கிலேயே குடியிருப்பவர்கள். சிகிச்சைக்காக அடையாள அட்டை எண்ணைக் கேட்பது முறையானதுதான். அந்த எண்ணைக் கண்டவரெல்லாம் வாங்கக்கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் மருத்துவத் தேவைக்கு இடம் இருந்தது. ஆனால் அட்டையை வாங்கிச் சரிபார்ப்பது வேறு, அதிலுள்ளதை ஊரறியப் படிப்பது வேறு. 2018இல் பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிகளிலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதையும், அடுத்த ஆண்டு ஜனவரியில் எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் வெளியானதையும் கண்ட ஊரில், ஒரு மருந்தகக் கூடத்தில் இவ்வளவு அலட்சியம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அறைக் கதவைத் திறந்த ஊழியர், "லெட்சுமி?" என்று மட்டும் அழைத்தார். இரண்டு பேர் எழுந்தார்கள். அம்மா வாசலுக்கு அருகில் இருந்ததால் அம்மாவை உள்ளே விட்டார். மற்றவரை அமரச் சொன்னார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சொந்தப் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர்தான் வரும். ஆகவே லெட்சுமி என்று மட்டும் அழைப்பதால் ஒருவரை அடையாளம் காண முடியாது. உள்ளே மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி போட்ட மூன்று குழாய்கள். ஆறிலும் லேபிள்கள் முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்தன. "நீங்கள் லெட்சுமிதானே?" என்று கேட்டார், அம்மா தலையாட்டினார். பிறந்த தேதியைக் கேட்கவில்லை, அட்டையைப் பார்க்கவில்லை. அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து வந்த அறிக்கையில், அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.4 விழுக்காடு என்றிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்) அது 5.6. அறிக்கையில் அம்மாவின் பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. இத்தகைய பிழையின் ஆபத்தே அதுதான். லேபிள் சொல்வதை ஆய்வுக்கூடம் நம்புகிறது, குழாய்க்குள் இருப்பது யாருடைய ரத்தம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஒருவருடைய முந்தைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பெரிய மாற்றம் இருந்தால் நிறுத்தி விசாரிக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் உண்டு என்றாலும், பழைய முடிவு வேறோர் இடத்தில் இருந்தால் அந்த வலையில் இது சிக்காது. மருந்தக மருத்துவர் அன்றே மாத்திரை எழுதினார். நான் வாங்கவில்லை. பலதுறை மருந்தகத்தில் மறுபடி எடுத்த பரிசோதனையில் 5.7 வந்தது.

இதைக் கொண்டுபோய்க் கேட்டபோது நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலாளர் கணினியில் இன்னொரு லெட்சுமியின் கோப்பைத் திறந்து, "பாருங்கள், இவருடையதும் அன்றுதான் எடுத்தோம்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். முன்பின் தெரியாத ஓர் அம்மையாரின் அடையாள அட்டை எண், பிறந்த தேதி, அவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாம் என் கண்முன் இருந்தன. ஒரு தவற்றை விளக்கப் போய் இன்னொருவரின் அந்தரங்கத்தை எனக்குக் காட்டிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் இருந்தது. அப்படியானால் என் அம்மாவின் நல்ல முடிவு அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்; சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று நம்பி அவர் மாத்திரையைக் குறைத்திருந்தால் என்னாவது?

முறையாகச் செய்வது கடினமான வேலையே அல்ல. முழுப்பெயர், பிறந்த தேதி அல்லது அடையாள அட்டை எண் என்று குறைந்தது இரண்டு அடையாளங்களை நோயாளியின் வாயாலேயே சொல்லச் செய்து, அட்டையோடும் படிவத்தோடும் ஒப்பிட வேண்டும். "நீங்கள் இன்னார்தானே" என்று கேட்கக்கூடாது. ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி எழுந்து போவதற்குள், அவர் கண்முன்னே லேபிளை ஒட்ட வேண்டும். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதைத் தயங்காமல் கேளுங்கள். ஊழியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குழாயை வாங்கிப் பெயரைப் படியுங்கள். ஆய்வுக்கூடச் சேவைகள் 2022 ஜனவரி முதல் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடப்பவை. குறை இருந்தால் அமைச்சிடம் முறையிடலாம். அந்தரங்கத் தகவல் வெளியானதற்குத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. நான் இரண்டு இடத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மையாருக்குத் தகவல் சொல்லிவிட்டதாக மருந்தகம் வாய்மொழியாகச் சொல்கிறது. எழுத்தில் கேட்டு இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லை. அவருடைய விவரங்களை நான் குறித்துக்கொள்ளவில்லை, குறித்திருந்தாலும் வெளியிட எனக்கு உரிமை இல்லை. உங்கள் குடும்பத்தில் லெட்சுமி என்ற பெயருள்ள, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் சென்ற மாதம் தனியார் மருந்தகத்தில் ரத்தம் கொடுத்து, முடிவு எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்திருந்தால், மாத்திரையை நிறுத்தாமல் வேறோர் இடத்தில் இன்னொரு முறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.