பாகாவ் பிசியோ சென்டரும் ஹெர்மன் மாயரும்

மலேசியாவின் பாகாவ் பட்டணத்தில் கடை வரிசை ஒன்றின் மாடியில் இருக்கிறது இந்தப் பிசியோ சென்டர். மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகும்போது சந்தியில் கார் மோதி, என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். இன்றைக்கு நான் மறுபடி செம்பனைக் குலை வெட்டுகிறேன் என்றால் அதற்கு இந்த இடம்தான் காரணம்.

நடத்துபவர் ஒரு தமிழ்ப் பெண். நாங்கள் மிஸ் என்போம், அவர் எங்களை அண்ணே, அக்கா என்பார். வந்ததுமே என் வேலையைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். குலை என்ன கனம் இருக்கும், மேட்டில் எப்படி நிற்பீர்கள், தள்ளுவண்டியை எந்தக் கைப் பக்கம் சாய்ப்பீர்கள், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். என் பயிற்சி அதிலிருந்துதான் வந்தது.

சைக்கிள் மிதிக்கும் இடத்துக்கு எதிரே ஒரு டிவி. அடிபட்டுத் திரும்பிய விளையாட்டாளர்களின் பழைய போட்டிகளைப் போடுவார். பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மாயரை அங்கேதான் பார்த்தேன். ஆஸ்திரியாக்காரர், கொத்தனார் வேலை பார்த்தவர். அதைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில், மலைச் சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் போட்டியில், வந்த வேகத்தில் அந்தரத்தில் பறந்து விழுந்து, பாதுகாப்பு வலைகளையும் தாண்டி உருண்டார். மூன்று நாள் கழித்து, அதைவிடத் திருப்பங்கள் கூடிய சூப்பர்-ஜி போட்டியில் தங்கம். மேலும் மூன்று நாளில், திருப்பங்கள் இன்னும் அதிகமான ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியிலும் தங்கம்! பார்க்கிற யாருக்கும் உடனே எழுந்து ஓடத் தோன்றும்.

“அண்ணே, இதையும் பாருங்க” என்று மிஸ் அடுத்ததைப் போட்டார். 2001 ஆகஸ்டில் மாயர் ஓட்டிய மோட்டார்சைக்கிளும் ஒரு காரும் மோதின. அவருக்கும் வலது கால்தான். காலையே எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர்கள் யோசிக்கும் அளவுக்குச் சிதைந்திருந்தது. 2002 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. 2003 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் திரும்பப் போட்டியில் இறங்கியபோது இரண்டாவது ஓட்டத்துக்கே தேறவில்லை. அதே மாதக் கடைசியில் கிட்ஸ்பியூலில் சூப்பர்-ஜி ஜெயித்தார். அடுத்த பருவத்தில், பருவம் முழுக்கப் பல இடங்களில் நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டமும் வந்தது, அது அவருக்கு நான்காவது. மொத்தம் 54 உலகக் கோப்பைப் போட்டிகளில் ஜெயித்திருக்கிறார்.

நாகானோவைவிட அந்தப் பதினேழு மாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எலும்பு கூடினாலும் தொடைச் சதை வற்றிப்போயிருக்கும், அதை அவசரப்பட்டு வளர்க்க முடியாது என்று மிஸ் விளக்கினார். பனிச்சறுக்கில் திரும்பும்போது வெளிப்பக்கக் கால்தான் பெரும் பாரத்தைத் தாங்குமாம். சரிவில் பக்கவாட்டில் நின்று குலை வெட்டும் எங்களுக்கும் கீழ்ப்பக்கக் கால்தான் தாங்குகிறது. அதனால் சாய்பலகையில் பக்கவாட்டாக இறங்கச் சொல்வார், அப்புறம் கையில் மணல் மூட்டை கொடுத்து இறங்கச் சொல்வார். இடுப்பு சாய்ந்தால் நிறுத்திவிடுவார். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் குறிப்பார். நான் கெஞ்சியும், சரிவில் உறுதியாக நிற்கும்வரை வேலைக்குப் போகச் சம்மதிக்கவே இல்லை. அந்தக் கண்டிப்புக்காகவே இந்த இடத்தை எல்லோருக்கும் சொல்கிறேன்.

குறையும் உண்டு. மாடிக்கு லிப்ட் இல்லை, ஊன்றுகோலோடு ஏறுவது பெரிய பாடு. மிஸ் கீழே வந்து பிடித்து ஏற்றுவார், இருந்தாலும் காலை ஊன்றவே கூடாத நிலையில் இருப்பவர்களுக்கு இது சரிவராது. சனிக்கிழமை பள்ளிப் பந்து விளையாட்டுப் பிள்ளைகளால் நிரம்பிவிடும்.

ஒரு முறைக்கு 80 வெள்ளி. தோட்டச் சம்பளத்துக்கு அது கனம்தான். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் என்ன உதவி கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே படத்தையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போவது நல்லது.