வீட்டு நெயில் ஆர்ட்: ஒரு கச்சானும் ஒரு மாரியும் தாண்டிய பிறகு

கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் கியூடெக்ஸ் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து வந்தால் போதும், தூரிகையைத் தூக்கும்போது சீனிப்பாணி மாதிரி நூல் இழுக்கும். வீட்டில் நெயில் ஆர்ட் செய்து பார்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வீடியோக்களில் சொல்கிற நேரக்கணக்கு இங்கே பொருந்தாது. அவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் இருந்து செய்கிறார்கள். உவர்மலையில் எங்கள் வீடு ஓட்டு வீடு. மேலே ஃபேன், ஜன்னலால் அனல்.

சாதாரண கியூடெக்ஸில் இருப்பது நைட்ரோசெலுலோஸ் என்கிற பொருள். அதை எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பூசியதும் திரவம் ஆவியாகிப் போய், படலம் மட்டும் நகத்தில் தங்குகிறது. வெக்கையும் காற்றும் கூடினால் மேற்பரப்பு சட்டென்று காய்ந்துவிடும், அடியில் இருக்கிற திரவம் வெளியே வர வழியில்லாமல் குமிழி குமிழியாக நிற்கும். ஃபேனுக்கு நேரே கையை நீட்டிக் காய வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். அதனால் கச்சான் காலத்தில் நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உட்காருவேன், ஃபேனை நிறுத்திவிட்டு. வேர்க்கும்தான், என்ன செய்ய. மாரி காலத்தில் பிரச்சினை வேறு. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்கிறபோது காற்றில் ஈரம் கூடி, சில நேரம் பூச்சின் மேல் வெள்ளைப் புகார் படிந்தது மாதிரி மங்கிவிடும். மேலே இன்னொரு டொப் கோட் (கடைசியாகப் பூசுகிற நிறமற்ற பூச்சு) போட்டால் பெரும்பாலும் தெளியும்.

தடித்துப்போன போத்தலுக்கு அசிட்டோன் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு இளகும், ஆனால் படலம் பலவீனமாகி அடுத்தடுத்த தடவை பாளமாக உரிந்து வரும். நெயில் பொலிஷ் தின்னர் என்றே தனியாகக் கிடைக்கிறது. இரண்டு சொட்டு விட்டு, போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். குலுக்கினால் காற்று உள்ளே போய்க் குமிழிதான் மிச்சம்.

இனி, வரைவதற்கு முன்னால் செய்கிற வேலை. யாரும் இதை ஆசையாகப் பார்ப்பதில்லை, ஆனால் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் பழையபடி சுருங்கும். உடுப்புத் தோய்த்துவிட்டு வந்த கையோடு பூசினால், நகம் சுருங்கும்போது பூச்சு விளிம்பில் இருந்து கிளம்பத் தொடங்கும். குறைந்தது ஒரு மணித்தியாலமாவது தண்ணீரில் கை வைக்காமல் இருந்து, பிறகு பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் நகத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் இந்தத் துடைப்பு இல்லாமல் எதுவும் ஒட்டாது. அடுத்தது பேஸ் கோட், நிறத்துக்கு முன் பூசுகிற அடிப்பூச்சு. கடும் சிவப்பும் கடும் நீலமும் நேரே நகத்தில் பட்டால் கறை விழலாம், அது பெரும்பாலும் நகம் வளர்ந்து போகும்வரை இருக்கும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளர்கிறது, முழு நகமும் மாற ஆறு மாதம் மட்டில் ஆகும். நிறத்தை மெல்லிசாக இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் தூரிகையை நகத்தின் முனை விளிம்பிலும் ஒருமுறை இழுத்து மூடிவிடுங்கள். முனை மூடாத பூச்சு சட்டி தேய்க்கிற வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் நிற்பதை நான் பார்க்கவில்லை.

சாமான் விஷயத்தில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கடையில் விற்கிற டொட்டிங் கருவிப் பெட்டி என்னிடமும் இருக்கிறது, அலுமாரியில் தூங்குகிறது. குண்டூசியின் கூர்ப்பக்கத்தைப் பென்சில் ரப்பரில் குத்திவிட்டால் தலைப்பக்கம் அருமையான புள்ளி வைக்கும். மெல்லிய கோட்டுக்கும் மிகச் சின்னப் புள்ளிக்கும் ஈர்க்கு. விளக்குமாற்றில் இருந்து உருவியது வேண்டாம்; பச்சை ஓலையில் இருந்து கிழித்து, சீவிக் காயவைத்த புது ஈர்க்கின் நுனி வளைந்து கொடுக்கும், மையையும் அளவாகத்தான் எடுக்கும். பற்குத்தி நுனி கியூடெக்ஸில் ஊறிப் பிசிறிவிடுகிறது, ஈர்க்கு அப்படிப் பிசிறுவதில்லை.

என் கையில் அதிகம் வந்துபோன வடிவம் புள்ளிமான். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிற வழியில் நிற்கிற மான்களைப் பார்த்து வந்த யோசனை. எங்கள் ஊர் ஆட்களுக்கு அது புதினமில்லை, மான் சில நாள் கடை வாசலிலும் நிற்கும். அடிநிறம் செங்கபிலம், கறுவாப்பட்டை நிறத்துக்குக் கொஞ்சம் சிவப்புப் பக்கம். நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளையை ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசித் தலையால் தொட்டு வைக்க வேண்டும். மானின் முதுகில் புள்ளிகள் ஏனோதானோ என்று சிதறி இருப்பதில்லை, கூர்ந்து பார்த்தால் முதுகுத்தண்டுக்கு அருகே வரிசை ஓடும். அதனால் நகத்தின் ஒரு பக்கமாக நெருக்கமான ஒரு வரிசை, மற்றப் பக்கம் ஐதாக, அளவு மாறி மாறி. ஒரு தடவை தொட்டால் இரண்டு புள்ளி வைக்கலாம், முதலாவது பெரிது, இரண்டாவது தானாகவே சிறிதாக வரும். ஊசியை நேராக நிறுத்தி, அழுத்தாமல், மைத்துளி மட்டும் நகத்தில் படும்படி தொட்டு எடுத்தால் வட்டம் கலையாது. டொப் கோட் போட அவசரப்படக்கூடாது. புள்ளிகள் தடிப்பானவை, உள்ளே ஈரம் இருக்கும்போது தூரிகை பட்டால் வால் முளைத்துவிடும். கால் மணித்தியாலம் விட்டு, தூரிகையில் தாராளமாக எடுத்து, மயிர்கள் நகத்தில் படாமல் அந்தத் துளியை மட்டும் தள்ளிக்கொண்டு போங்கள்.

புள்ளி வைக்கத் தெரிந்தால் பூ, கோலம், மயில்கண் எல்லாம் அதிலிருந்தே வரும். நகவேலை கற்க நினைப்பவர்கள் முதல் மூன்று மாதம் புள்ளியை மட்டும் செய்யலாம் என்பது என் கருத்து.

ஸ்பொஞ்சால் நிறம் கலப்பது நிலாவெளி மாதிரிக் கடற்கரை ஊர்களுக்கென்றே வந்த முறை. மணல் நிறம், அதற்கு மேல் வெளிர்நீலம், அதற்கு மேல் கடுநீலம் என்று மேக்கப் ஸ்பொஞ்சில் பட்டை பட்டையாகப் பூசி, நகத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தோலெல்லாம் அப்பும், அதற்கு நகத்தைச் சுற்றி முன்கூட்டியே வெள்ளைப் பசை தடவிக் காயவைத்தால் பிறகு உரித்துவிடலாம். பார்க்க அழகு. ஆனால் அந்த நகத்தோடு கடற்கரைக்குப் போய் மணலில் வீடு கட்டக்கூடாது, மணல் முனையை அரம் போல் தேய்த்துவிடும்.

வோட்டர் மார்பிள், தண்ணீரில் சொட்டு விட்டுக் கோலம் இழுத்து விரலை முக்குகிற வித்தை, இந்த ஊருக்குச் சரிவராது. வெக்கையில் நிறம் தண்ணீர் மேல் விரிந்த உடனேயே தோல் கட்டிவிடுகிறது, ஈர்க்கால் இழுக்கப் போனால் முழுப் படலமும் சேர்ந்து வருகிறது. மாரியில் பரவாயில்லை. ஒரு கைக்கே கால் போத்தல் போகும். காசைக் கரைக்க வேறு வழி இல்லாதவர்கள் செய்யட்டும்.

ஸ்டாம்பிங் எனக்குப் பிடித்தது. செதுக்கிய உலோகத் தகட்டில் நிறத்தைப் பூசி, மிச்சத்தை வழித்து, சிலிக்கன் முத்திரையால் எடுத்து நகத்தில் உருட்டுவது. ஒரு தகட்டில் இருபது, முப்பது வடிவம் இருக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும் நேர்த்தியாக வரும். தகட்டோடு வருகிற வழிப்பானை விடப் பழைய வங்கி அட்டை மேல். 45 பாகையில் சாய்த்து ஒரே இழுவை, அழுத்தி இழுத்தால் செதுக்கலுக்குள் இருக்கிற மையும் வந்துவிடும். கச்சான் நாளில் வழித்து முடிப்பதற்குள் மை தகட்டிலேயே காய்ந்து, முத்திரையில் பாதி வடிவம்தான் ஏறும். ஒவ்வொரு நகத்துக்கும் தனித்தனியாக மை வைத்து, வழித்து, அடுத்த நொடியே எடுக்க வேண்டும். முத்திரையை அசிட்டோனால் துடைக்காதீர்கள், முகம் மங்கிப் பிடிக்காமல் போய்விடும். செலோடேப்பால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஜெல் நகப்பூச்சைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாரும் வாங்குவது அதைத்தான். சலூனுக்கு இரண்டு, மூன்று முறை போகிற காசில் ஒரு லாம்பும் சில போத்தல்களும் வீட்டுக்கு வந்துவிடும். கணக்கு சரிதான். ஜெல் காற்றில் காய்வதில்லை, லாம்பின் ஒளி பட்டால்தான் இறுகும், அதனால் கச்சான் அதை ஒன்றும் செய்யாது. ஆறுதலாக வரையலாம், பிழைத்தால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். இரண்டு கிழமை தாண்டியும் மினுக்கம் குறையாது. இதெல்லாம் உண்மை.

மச்சாள் ஒன்லைனில் ஒரு பெட்டி எடுப்பித்தாள். போத்தல்களில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை, லாம்புக்கும் ஜெல்லுக்கும் பொருத்தம் உண்டா என்ற விபரமும் இல்லை. முதல் சில தடவை நன்றாகத்தான் இருந்தது. பிறகு விரல் நுனிகள் சிவந்து, தோல் வெடித்து, இரவில் கடி. “சும்மா சோப்பு ஒத்துக்கொள்ளேல்லை, நீ பேசாம இரு” என்று சொல்லிக்கொண்டு அதன் மேலேயே இன்னொரு முறையும் போட்டாள். கடைசியில் தோல் வைத்தியரிடம் போனபோது, அவர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி ஜெல் போடுகிறீர்களா என்பதுதான்.

ஜெல்லில் இருப்பவை அக்ரிலேட், மெதக்ரிலேட் வகைப் பொருட்கள். இறுகாத நிலையில் அவை தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை தொடங்கும், தொடங்கினால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பல் நிரப்புவதற்கும் எலும்பு மூட்டு வைப்பதற்கும் இதே குடும்பத்துப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இது நகத்தோடு முடிகிற விஷயமில்லை. இந்த வகையைச் சேர்ந்த ஹெமா எனப்படும் பொருள் சேர்ந்த நகப்பூச்சுகளில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் வைத்திருக்கிறது. ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டெம்பர் 1 முதல் அங்கே தடை செய்தும் விட்டார்கள். இங்கே பொதியில் எழுத்தே இல்லாமல் வருகிறது.

லாம்பு விஷயமும் அப்படித்தான். 365, 405 நனோமீற்றர் அலைநீளங்களில் ஒளி வரும் லாம்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஜெல்லுக்குத் தேவையான ஒளி கிடைக்காவிட்டால் மேலே கெட்டியாகி அடியில் பச்சையாகவே இருக்கும், பார்வைக்குத் தெரியாது. 48 வோட் என்று பெட்டியில் போட்டிருப்பது இதற்குப் பதில் சொல்லாது. நடுவில் கரண்ட் போனால் இன்னும் மோசம். போடத்தான் வேண்டும் என்றால் பொருட்பட்டியல் அச்சிட்ட, அதே நிறுவனத்தின் லாம்போடு வருகிற ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். தோலில் ஒரு துளி பட்டாலும் லாம்புக்குள் வைக்கும் முன் துடைத்துவிடுங்கள். விரல்நுனி வெட்டிய கையுறை போடுங்கள், அந்த ஒளி புற ஊதா வகை. நான் ஜெல்லை விட்டுவிட்டேன்.

அன்றாடப் பாவனையில் எது நிற்கிறது என்று பார்த்தால், முதலில் போவது வலது கை. சோறு பிசைந்து சாப்பிடுகிற கைக்கு வெள்ளை முனை, வெளிர் ரோஸ், பால் நிறம் ஒன்றும் வேண்டாம். ஒரு மீன்குழம்பில் மஞ்சள் ஏறிவிடும். மஞ்சள் நிறம் வெயிலில் மங்கக்கூடியது, கொடியில் உடுப்புக் காயப்போடுகிற நேரம் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. செங்கபிலம், கடும்பச்சை, ஊதா எல்லாம் பிரச்சினையில்லை. தேங்காய் திருவும்போது அம்மா என் கையைப் பார்த்து, “உந்த வடிவு கறிக்குள்ள விழாமப் பார்த்துக்கொள்” என்பார். நியாயமான பேச்சு. வெடித்துப்போன கியூடெக்ஸோடு சமையலுக்கு நிற்பதில்லை என்று நானும் வைத்துக்கொண்டேன்.

கழற்றுவதற்குப் பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தில் அரை நிமிடம் வைத்திருந்து, முனைப் பக்கமாக ஒரே இழுவை. சுரண்டக்கூடாது, சுரண்டினால் நகத்தின் மேற்படையும் சேர்ந்து போகும். மினுமினுப்புப் பூச்சுக்கு மட்டும் அடியில் உரிகிற பேஸ் கோட் போட்டால் பாடுபட வேண்டியதில்லை. கிண்ணியாவில் இருக்கிற என் தோழி அதைத்தான் விரும்புகிறாள், வுழூவுக்கு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) முன் நகம் வெறுமையாக இருக்க வேண்டும், பஞ்சும் அசிட்டோனும் தேடாமல் உரித்துவிடலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். நுளம்புத்திரி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குத் திகதி இருந்தால் முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவிக்குக் கடுநிறங்கள் இடைஞ்சல்.

கலியாண வீட்டுக்கு மருதோன்றியும் கியூடெக்ஸும் சேர்த்துப் போட நினைப்பவர்களுக்கு: மருதோன்றி முதலில். காய்ந்து உதிர்ந்த பிறகு நிறம் ஏற எண்ணெய் தடவுவார்கள், அந்த எண்ணெயை நகத்தில் இருந்து மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த நாள் கியூடெக்ஸ் போடுங்கள். புள்ளி வைக்கிறதென்றால் இடது கையில் இருந்து தொடங்குங்கள். வலது கைக்கு ஒரு தங்கச்சியைப் பிடித்து உட்கார வையுங்கள்.