ஒரே 'மஸ்ட்', இரண்டு 'கெரக்': ஆங்கிலத்தின் துணைவினைகளும் உஸ்பெக்கின் துணைவினைகளும்

"ஹீ மஸ்ட் பீ அட் ஹோம்" என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கச் சொன்னால், 'அவன் வீட்டில் இருந்தாக வேண்டும்' என்று ஒருவரும், 'அவன் வீட்டில்தான் இருப்பான்' என்று மற்றொருவரும் எழுதுவார்கள். இருவர் எழுதியதும் சரியே. கட்டாயத்தையும் ஊகத்தையும் ஆங்கிலம் ஒரே 'மஸ்ட்' மீது ஏற்றிவிட்டு, எது என்பதைச் சூழலின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. உஸ்பெகிஸ்தானின் மொழியான உஸ்பெக் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை. கட்டாயமென்றால் 'உய்தா பொலிஷி கெரக்', ஊகமென்றால் 'உய்தா பொல்ஸா கெரக்'. 'கெரக்' என்ற சொல் இரண்டிலும் மாறவில்லை. முன்னதில் அது 'அவன் இருத்தல்' என்னும் தொழிற்பெயரை ஒட்டி வருகிறது, பின்னதில் 'இருந்தால்' என்னும் நிபந்தனை எச்சத்தை ஒட்டி வருகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் சொல்வகையிலேயே இருக்கிறது. 'கேன்', 'மே', 'ஷல்', 'வில்' ஆகியவை பழைய ஆங்கிலத்தில் முழு வினைகளாக இருந்தவை. 'கேன்' அறிதலையும், 'மே' வலிமையையும், 'ஷல்' கடன்பட்டிருத்தலையும், 'வில்' விரும்புதலையும் குறித்தன. காலப்போக்கில் எச்ச வடிவங்களை இழந்து, படர்க்கை ஒருமையில் மற்ற வினைகள் ஏற்கும் 'ஸ்' விகுதியையும் ஏற்காமல், தனி இனமாக ஒதுங்கிவிட்டன. அதனால்தான் பொது ஆங்கிலத்தில் 'வில் கேன்' என்று அடுக்க முடியாமல் 'வில் பீ ஏபிள் டு' என்று சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. 'மஸ்ட்' என்பதன் இறந்தகாலக் கட்டாயத்துக்கு 'ஹேட் டு' என்று வேறொரு வினையைக் கடன் கேட்கவும் நேர்கிறது. உஸ்பெக்கின் 'கெரக்' வினையே அன்று. 'மெங்கா கிதோப் கெரக்' என்றால் 'எனக்குப் புத்தகம் வேண்டும்'. நான்காம் வேற்றுமை உட்பட அச்சு அசலாக நம் வாக்கியம். 'யோஸிஷிம் கெரக்' என்பதோ, சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என் எழுதுதல் வேண்டும்'. யார் எழுத வேண்டும் என்பதை உடைமை விகுதி காட்டுகிறது. இறந்தகாலத்துக்கு 'எதி' என்று ஒட்டினால் போதும், வேறு வினையைத் தேட வேண்டியதில்லை.

எதிர்மறையில்தான் ஆங்கிலம் கற்பவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 'மஸ்ட் நாட்' என்பது தடை, 'நீட் நாட்' என்பது விலக்கு. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'எழுதக் கூடாது', 'எழுத வேண்டியதில்லை' என்று தமிழ் பிரிப்பதை, உஸ்பெக் 'இல்லை'யின் இடத்தை மாற்றியே பிரிக்கிறது. 'யோஸ்மஸ்லிகிம் கெரக்' என்பதில் எதிர்மறை எழுதுதலுக்குள்ளேயே புகுந்து, 'நான் எழுதாமை வேண்டும்' என்று தடையாகிறது; 'யோஸிஷிம் ஷர்த் எமஸ்' என்பதில் அது வெளியே நின்று, எழுதுவது கட்டாயமில்லை என்கிறது. இந்த 'ஷர்த்', நம் பத்திரங்களில் வரும் 'ஷரத்து' என்ற அதே அரபுச் சொல்தான். நம்மிடம் நிபந்தனையாக நின்றுவிட்டது, அங்கே கட்டாயமாகவும் கெட்டிப்பட்டுவிட்டது.

அனுமதி கேட்பதில் உஸ்பெக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. 'இயலும்' என்ற பொருளுள்ள 'மும்கின்' என்ற அரபுச் சொல்லைச் சேர்த்து 'கிரிஷ் மும்கின்மி' என்று கேட்கலாம். அல்லது 'கிர்ஸம் பொலதிமி', அதாவது 'நான் நுழைந்தால் ஆகுமா' எனலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். நம் 'நுழையலாமா' என்பதில் உள்ள 'ஆம்' கூட 'ஆகும்' என்பதன் தேய்வே என்று நினைத்துக்கொண்டால், அந்த வாக்கியத்தை மறக்கவே முடியாது.

திறனுக்கு வரும் 'ஓல்மோக்' என்ற வினையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் முதற்பொருள் 'எடுத்தல், பெறுதல்'. 'யோஸிப் ஓல்தி' என்றால் 'எழுதிக்கொண்டான்', தனக்கெனக் குறித்துக்கொண்டான். நம் 'கொள்' என்பதும் பெறுதலைக் குறிக்கும் வினைதானே. எச்ச விகுதியை மட்டும் மாற்றி 'யோஸ ஓல்தி' என்றால் 'எழுத முடிந்தது' என்று பொருள் தாவுகிறது. ஆங்கிலத்தின் 'குட்' இங்கே தடுமாறும்: எழுதும் திறன் இருந்ததா, உண்மையில் எழுதி முடித்தானா என்பது அதில் தெளிவாகாது. 'யோஸ ஓல்தி' என்பதில் காரியம் முடிந்தேவிட்டது.

மற்றத் துணைவினைகளில் தமிழருக்குக் கற்க அதிகமில்லை. 'யோஸிப் கொர்தி' எழுதிப் பார்த்தான். 'யோஸிப் பெர்தி' எழுதிக் கொடுத்தான். 'எறிதல்' என்ற பொருளுள்ள 'தஷ்லமோக்' சேர்ந்தால் ஏறக்குறைய 'எழுதித் தள்ளினான்'. ஆங்கிலம் இவற்றுக்கெல்லாம் முன்னிடைச் சொற்களையும் 'ட்ரை' போன்ற தனி வினைகளையும் நாடுகிறது. ஆங்கில வழியாக உஸ்பெக் படிக்கும் தமிழர், கையில் இருக்கும் சாவியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சாவி கேட்பது போலத்தான்.

ஆனாலும் ஆங்கிலத்துக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். 'மே', 'மைட்', 'குட்', 'ஷுட்' என்று ஐயத்தையும் பணிவையும் அது படிப்படியாக அளந்து கொடுக்கும் நயம், 'கெரக்', 'மும்கின்' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எட்டக்கூடியதன்று. 'குட் யூ ரைட் இட் ஃபார் மீ' என்பதில் பணிவு முழுவதும் ஒரு இறந்தகால வடிவத்தில் ஒளிந்திருக்கிறது. உஸ்பெக்கில் அதே வேண்டுகோள் 'யோஸிப் பெர ஓலஸிஸ்மி' என்று வரும். 'யோஸிப்' எழுதி, 'பெர' கொடுக்க, 'ஓல' முடியும், 'ஸிஸ்' நீங்கள், 'மி' வினா. பணிவை 'நீங்கள்' சுமக்கிறது, 'எனக்காக' என்பதைக் 'கொடு' சுமக்கிறது. தமிழில் சொன்னால், 'எழுதிக் கொடுக்க முடியுமா?'