தவிர்க்கக்கூடிய அட்மிஷன் டாஷ்போர்டு: மேப்பை விடுங்கள், புனல் வரைபடத்தைப் பாருங்கள்

ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு மாதிரி, நேரத்தோடு டாக்டரைப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவே வேண்டியிருக்காத கேஸ்களை இந்த டாஷ்போர்டு தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. திறந்ததும் வரும் கலர் மேப் ஜோர்தான், ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய பகுதி ஒன்று நாலைந்து அட்மிஷனுக்கே அடர்சிவப்பாகிக் கண்ணை இழுக்க, ஜனநெருக்கமுள்ள சின்னப் பகுதி கண்ணிலேயே படாது. புனல் வரைபடம்தான் (ஒவ்வொரு பகுதியும் ஒரு புள்ளி; மக்கள்தொகை குறையக் குறைய எல்லைக்கோடுகள் புனல் வாய்போல விரியும்) உருப்படி: எந்தப் பகுதி நிஜமாகவே எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறது, எது வெறும் சின்ன எண்ணிக்கையின் ஆட்டம் என்று அங்கே தெரிந்துவிடும். வயதுக்கேற்பச் சரிசெய்யும் பட்டனை ஏனோ மெனுவுக்குள் ஒளித்திருக்கிறார்கள். அதைப் போடாவிட்டால் முதியவர்கள் அதிகமுள்ள இடமெல்லாம் குற்றவாளியாகத் தெரியும். அப்புறம், ஒரே நோயாளி திரும்பத் திரும்ப வந்தாலும் தனித்தனி ஆளாகவே எண்ணுகிறது. மூன்று ஸ்டார்.