1,82,000 கிலோமீட்டர் ஓடிய தார் ஜீப்: வாங்கலாமா?

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஃபோர் வீல் ஜீப், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஆடம்பரம் இல்லை. ரோடு முடிந்த இடத்திலிருந்து எங்கள் தோட்டம் வரை கல்லும் சேறுமாக வண்டிப்பாதைதான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சாதாரண பிக்கப் பாதி ஏற்றத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். மிளகு மூட்டையை இறக்கவும் உரம் ஏற்றவும் ஒரு வண்டி வேண்டும். அதற்காகத்தான் இதைப் பார்த்தேன்: 2013 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ., இரண்டாவது ஓனர், கேட்ட விலை 5,40,000 ரூபாய்.

1,82,000 என்றதும் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு அந்த எண் பெரிதாகப் படவில்லை. அது எங்கே ஓடிய கிலோமீட்டர் என்பதுதான் கேள்வி. இதில் இருப்பது 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், 105 குதிரைத்திறன். நேரத்துக்கு ஆயில் மாற்றி நாலுவழிச்சாலையில் ஓட்டிய எஞ்சினுக்கு இது முதுமை இல்லை. அதுவே எஸ்டேட்டுக்குள் பாரம் ஏற்றி முதல் கியரிலேயே உருட்டிய வண்டி என்றால், மீட்டர் 70,000 காட்டினாலும் கிளட்ச்சும் கிரவுனும் (அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரம்) தேய்ந்துதான் இருக்கும். அதனால் சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாகக் கிலோமீட்டரைப் பார்த்தேன். முதல் ஓனர் மதுரையில் இருந்தவர், பெரும்பாலும் ஹைவே ஓட்டம். எண்கள் சீராக ஏறியிருந்தன. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தேய்மானமும் மீட்டரோடு ஒத்துப்போயின.

காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஒரே சுற்றில் பிடித்தது. நீலப் புகை இல்லை. வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று திரும்பி வந்திருப்பேன். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். லேசான ஆவி, அவ்வளவுதான். தேய்ந்த எஞ்சினில் அங்கே புகை குபுகுபுவென்று தள்ளும்.

அப்புறம் ஃபோர் வீல். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். டவுனில் மட்டும் ஓடிய வண்டிகளில் ஃபோர் வீலைப் போடும் அந்தக் குட்டி லீவரை வருடக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இதிலும் லீவர் இறுகிப்போய்த்தான் இருந்தது. நல்ல ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வளைத்துச் சோதிக்காதீர்கள். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். பிடிப்பான தரையில் அந்த வித்தியாசம் கழிய வழியில்லாமல் எல்லாம் இறுகிக்கொள்ளும். பக்கத்துக் கண்மாய்க் கரையில் மணலாகப் பார்த்து இறக்கி, வண்டியை நிறுத்திவிட்டு ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டோம். முதலில் விழவில்லை. ஒரு முழம் முன்னே நகர்த்தியதும் விழுந்தது. முன் சக்கரம் மணலைப் பறிப்பதை இறங்கி நின்று பார்த்தேன். முன்னும் பின்னும் மாற்றும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது அதன் மூட்டு, தேய்ந்திருக்கிறது என்றார் உடன் வந்த வத்தலக்குண்டு மெக்கானிக். பெரிய வேலை இல்லை.

அவர் அடுத்துச் செய்ததை எல்லோரும் செய்ய வேண்டும். பின் கிரவுனின் ஆயில் போல்ட்டைக் கழற்றி, ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆற்றில் இறங்கித் தண்ணீர் புகுந்த வண்டி. இது கறுத்திருந்ததே தவிர சுத்தம், இரும்புத் தூளும் கையில் ஒட்டவில்லை.

சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுக்கு மேலே சேறு தங்கி, காய்ந்து, மறுபடி தங்கி, உள்ளே துரு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஓர் இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டது, குத்திப் பார்த்தால் ஓட்டை விழவில்லை. சுரண்டி, பெயின்ட் அடித்தால் நிற்கும். ஓட்டை விழுந்திருந்தால் எந்த விலைக்கும் எடுத்திருக்க மாட்டேன். எஞ்சினை இறக்கிச் சரி செய்துவிடலாம். உளுத்த சேசிஸை நம்பிக் கொண்டை ஊசி வளைவில் எப்படிப் பாரத்தோடு இறங்குவது?

ஓட்ட எப்படி? 2020-ல் வந்த புதுத் தாரின் சொகுசை இதில் தேடாதீர்கள். பின்னால் பட்டை ஸ்பிரிங், ஆள் ஏறாமல் காலியாக ஓடினால் தூக்கிப் போடும். வளைத்துத் திருப்ப நிறைய இடம் கேட்கும். துணிக்கூரைக்குள் தூசி வரும். பாரம் ஏற்றியதும் படிந்து உட்கார்ந்து அருமையாக ஏறுகிறது. கையில் காசு கூடுதலாக இருப்பவர்கள் 2015 மாற்றத்துக்குப் பிறகான வண்டியைத் தேடுங்கள். பின் அச்சில் லாக்கர் உண்டு, ஒரு சக்கரம் சேற்றில் சுற்றினாலும் மற்றது இழுக்கும். பெரிய டயர் போட்டு, உயரம் ஏற்றி, விளக்கு விளக்காக மாட்டிய வண்டி என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம்.

பேப்பரில் இரண்டு விஷயம். 2013 வண்டிக்கு 2028-ல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை மறுபடி ஆர்.டி.ஓ.விடம் காட்ட வேண்டும், அந்தச் செலவு நம் தலையில். இன்னொன்று, இந்த ஆர்.சி.யில் பழைய லோனின் ஹெச்.பி., அதாவது கடன் கொடுத்தவர் பேரில் உள்ள பதிவு, இன்னும் நீக்கப்படவில்லை. டெல்லிப் பக்கத்து வண்டிகள் விலை குறைவாக வரும், அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தடை போட்டார்கள். ஆனால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் எடுத்துக் கணக்குப் போட்டால் மிச்சம் அதிகம் நிற்காது.

கிளட்ச் செட், கிராஸ், நாலு டயர், எல்லா ஆயிலும், துரு வேலை என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய கணக்கு 85,000. அந்தத் தாளையே வைத்துப் பேசினேன். 4,65,000-க்கு இறங்கினார். 25,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், ஹெச்.பி. நீங்கிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகே மீதி என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று.