கோர்-டெக்ஸ் பேட்ச்: பச்சிளங்குழந்தையின் உதரவிதான ஓட்டைக்கு ஏற்றதா?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். அதில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைக்குக் குடல் நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை வளரவிடாமல் நெருக்கும். ஓட்டை சின்னதாக இருந்தால் இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைத்துவிடலாம். ஓட்டையின் அளவை வைத்து ஏ முதல் டி வரை பிரிப்பார்கள்; பெரியவையான சி, டி வகைகளில் மார்புச்சுவர் ஓரமாகப் பாதிக்கு மேல் தசையே இருக்காது. வலிந்து இழுத்துத் தைத்தால் நூல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஓட்டையை மூடும் ஒட்டு, அதாவது பேட்ச், தேவைப்படுவது அங்கேதான்.

கோர்-டெக்ஸ் என்பது டெஃப்லானை இழுத்து நீட்டி நுண்துளைகள் விழச் செய்த பொருள். 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்தார். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். கத்தரிக்கோலுக்குச் சுலபமாக மசியும். 1 மி.மீ. தடிமன் போதும். 2 மி.மீ. எடுத்தால் 3 கிலோ குழந்தையின் வயிற்றுக்குள் மடங்காமல் முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் டூயல்மெஷ் ரகத்தில் வழவழப்பான பக்கம் குடலைப் பார்த்தும் சொரசொரப்பான பக்கம் நெஞ்சைப் பார்த்தும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் குடல் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதன் பெரிய குறை, குழந்தையோடு சேர்ந்து வளராது என்பதுதான். ஓட்டையின் அளவுக்கே வெட்டித் தட்டையாக, விறைப்பாகத் தைத்தால், நெஞ்சுக்கூடு விரிய விரிய விளிம்பு பிய்ந்து குடல் மறுபடி மேலே ஏறிவிடும். பொருளைக் குறை சொல்லும் முன் வெட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக விட்டு வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தையுங்கள். தட்டை பேட்ச் கூம்பாகிவிடும். பின்னால் வளர்ச்சிக்கு இந்த உபரித் துணி கைகொடுக்கும். வயிற்றிலும் கொஞ்சம் இடம் கிடைப்பதால் தோலை மூடுவது எளிதாகும்.

தைக்கும்போது, உதரவிதானத்தின் பின்பக்க விளிம்பு வயிற்றுறைக்கு (வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு) அடியில் சுருண்டு கிடக்கும். உறையைக் கீறி அதை விரித்தெடுக்காமல் 'தசையே இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது. உடலில் கரையாத, 3-0 அல்லது 4-0 தடிமனுள்ள நூலில் தனித்தனித் தையல்கள் போதும். தசை இல்லாத பக்கவாட்டில் விலா எலும்பைச் சுற்றிப் போட வேண்டும். விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவுக்குழாயும் பெருந்தமனியும் இருக்கும் உள்பக்க மூலையில்தான் கை தயங்கும். அங்கே விட்ட இடைவெளி பின்னால் ஓட்டையாகத் திரும்பி வரும்.

பன்றிக்குடல் உறையில் செய்த பேட்சுகள் உடலின் திசுவாகவே மாறும் என்று நம்பி வாங்கப்படுபவை. பெரிய ஓட்டைக்கு அவற்றை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்; தளர்ந்து போகின்றன. வயிற்றுச்சுவர்த் தசையை மடித்து மூடும் முறை நல்ல மாற்று. ஆனால் நுரையீரலுக்குப் பதிலாக ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தோடு இருக்கும் குழந்தைக்கு அந்தத் தசைவெட்டு ரத்தக்கசிவைக் கூட்டும்; அங்கே கோர்-டெக்ஸே மேல்.

கிருமி தொற்றினால் மருந்தில் மட்டும் தீருவது அரிது, பேட்சையே எடுக்க நேரும். குடலடைப்பு, முதுகெலும்பு வளைவு ஆகியவற்றையும் வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும். எந்த பேட்சும் சுருங்கிக் கிடக்கும் நுரையீரலை வளர்த்துவிடாது. ரத்த அழுத்தம் நிலைத்து, சுவாசிக்கக் கொடுக்கும் காற்றில் 50 சதவீதத்துக்குக் குறைவான ஆக்சிஜனிலேயே குழந்தை தாக்குப்பிடித்த பிறகே அறுவைக்கு எடுப்பது நல்லது.

டிஸ்சார்ஜ் தாளில் பேட்சின் ரகம், அளவு, ஓட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். பிள்ளை வாந்தியோடோ மூச்சிரைப்போடோ வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனால், எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் குடல் தெரிகிறதா என்று முதலில் தேட அங்கிருப்பவருக்கு அந்த ஒரு வரி வேண்டும்.